இஞ்சின் ஆறும் வரை

“கதவைத் திறக்காதீங்க, கொசு வரும்” என்று சொல்லிக்கொண்டே சரோஜ் காரின் மறுபக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். கையில் இரண்டு கோப்பை டீ. ஒன்றைக் கணவரிடம் நீட்டினாள். மற்றதை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

பொன்சாமி கோப்பையை வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் பயம் வந்தது. கார் வாங்கியதிலிருந்து அவள் நிற்கிற காரில் ஏறியது கிடையாது.

“எங்க போகணும்?”

“எங்கயும் இல்ல.”

“அப்புறம் எதுக்கு ஏறின?”

“நீங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?”

“இஞ்சின் ஆறுது.”

“ஆறட்டும். நான் என்ன ஊதவா போறேன்? டீயைக் குடிங்க.”

இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. ரேடியோவில் ஹிந்தியில் சாவுச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் இந்த நேரத்துக்குத் தீவு முழுக்க அடுப்பைத் தணித்துவிட்டு இதைத்தான் கேட்கும்.

“யாராம்?” என்றாள் சரோஜ்.

“நவுசோரிப் பக்கம் ஒரு பெரியவராம்.”

“பாவம்.” டீயை ஒரு வாய் குடித்தாள். “செத்தவங்ககூட ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. நாம எப்ப வர்றது?”

பொன்சாமியின் கை கதவுப் பிடிக்குப் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது. சூடாக இருக்கும்போது இஞ்சினை அணைக்கக் கூடாது. ஓடுகிற இஞ்சினை விட்டு இறங்கவும் கூடாது, காலம் கெட்டுக் கிடக்கிறது, எவனாவது ஏறி ஓட்டிக்கொண்டு போய்விடுவான். இரண்டும் அவரே போட்ட சட்டம். இரண்டையும் சரோஜிடம் பலமுறை விளக்கியிருக்கிறார். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்ததை அப்போது பெருமையாக நினைத்திருந்தார்.

பொன்சாமி அதுவரை தன் வாழ்நாளில் எந்த முடிவையும் எடுத்ததில்லை. எடுக்காமல் இருப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். யாராவது வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினால் எழுந்துவிடுவார். “கரும்பைப் பாத்துட்டு வந்துடறேன்” என்பார். புலிலேகாவில் அவருடைய கரும்பு ஆளுயரத்துக்கு மேலே நிற்கும். வரப்பிலிருந்து உள்ளே கொஞ்சம் நடந்தால் போதும், கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அவர் வெளியே வரும்போது யாராவது ஏதாவது முடிவு செய்திருப்பார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை அப்படித்தான் நடந்தது. வீட்டுக்குத் தகரக் கூரை மாற்றியது அப்படித்தான். மகள் ரோஷனியின் கல்யாணத்தைக்கூட சரோஜும் பக்கத்து வீட்டுத் தங்கராஜும்தான் பேசி முடித்தார்கள். பொன்சாமி சட்டையெல்லாம் கரும்புச் சோகையாக வெளியே வந்தபோது மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “நல்ல பையன்” என்றார் பொன்சாமி. உண்மையிலேயே நல்ல பையன். ரோஷனியை ஆக்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது ரோஷனி அப்பா அம்மாவையும் கூப்பிடுகிறாள். மே மாதம் தலைநகர் சூவாவில் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் நுழைந்து, இந்தியர் வீடுகள் சூறையாடப்பட்ட பிறகு வாராவாரம் கூப்பிடுகிறாள். முதல் தடவை இப்படி நடந்ததும் ஒரு மே மாதம்தான். “இந்த நாட்டுக்கு மே மாசம் ஆகாது” என்று சரோஜ் சொல்லிவிட்டாள். நிலத்தின் குத்தகையும் வருகிற வருஷத்தோடு முடிகிறது. புதுப்பித்துக் கொடுப்பார்கள் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். மற்றப் பாதிப் பேர் ஒன்றும் சொல்லாமல் வீட்டுச் சாமானை விற்றார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் யாராவது ஒருவர் வீட்டில் யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் குடித்து வழியனுப்பு நடந்தது.

விசாவுக்குச் சரோஜின் பக்கத்து வேலையெல்லாம் முடிந்துவிட்டது. அவளுடைய போட்டோ எப்போதோ ஆக்லாந்து போய்ச் சேர்ந்தாயிற்று. பாக்கி பொன்சாமியின் போட்டோ. லம்பாசா டவுனில் ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் போதும். ஆனால் உட்கார வேண்டியவர் பொன்சாமி. இந்த ஒன்றை மட்டும் அவருக்குப் பதிலாக யாரும் செய்ய முடியாது.

வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் சண்டை. சரி என்று சொன்னால் ஊரை விட்டுப் போக வேண்டும். ஆகவே இரண்டையும் சொல்வதில்லை என்று பொன்சாமி தீர்மானித்தார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே தீர்மானம் அதுதான். “நாளைக்குப் போய் எடுத்துடலாம்” என்பார். அப்புறம் கரும்பைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்தச் சமயத்தில் கரும்பை வெட்டிவிட்டார்கள்.

கலவரத்தினால் அந்த வருஷம் வெட்டு தாமதமாகத்தான் ஆரம்பித்தது. ஆரம்பித்ததும் வேகமாக முடிந்தது. கடைசி லாரி மில்லுக்குப் போன மறுநாள் காலையில் பொன்சாமி வழக்கம்போல் எழுந்து வரப்புக்குப் போனார். சமையலறை ஜன்னலிலிருந்து ஆற்றங்கரை வரை வெறும் மண். நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. அதன் வால் ஆடுவதுகூடத் தெரிந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் சரோஜ் நின்றுகொண்டிருந்தாள். கையை ஆட்டினாள்.

பொன்சாமி டர்போ கார் வாங்கியது அந்த வாரம்தான்.

விற்றவர் எர்னஸ்ட் வாத்தியார். லம்பாசா டவுனில் மெத்தடிஸ்ட் கோவிலுக்குப் பின்னால் குடியிருந்தவர். பிரிஸ்பேனுக்குப் போகிற அவசரத்தில் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். ஜப்பானிலிருந்து வந்த வெள்ளைக் கார். பின்னால் சிவப்பு எழுத்தில் டர்போ என்று எழுதியிருந்தது. சாவியைக் கொடுத்த பிறகும் வாத்தியார் கையை விடவில்லை.

“பொன்சாமி, ஒண்ணே ஒண்ணு. ஓட்டிட்டு வந்த உடனே படக்குனு அணைச்சிடாதே. உள்ள டர்போ சிவக்கச் சிவக்கக் காஞ்சிருக்கும். நீ அணைச்சா எண்ணெய் ஓட்டம் நின்னுடும். அங்க தங்கின எண்ணெய் கருகிப் போயிடும். அப்புறம் டர்போ போச்சு. சும்மா ஓட விட்டு, ஆறினப்புறம் அணை.”

“எவ்வளவு நேரம்?”

“ரேடியோவில ஒரு பாட்டு முடியற நேரம்.”

பொன்சாமி அதைக் கீதை மாதிரி வாங்கிக்கொண்டார். முதல் நாள் மாலையே முற்றத்தில் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். சரோஜ் வாசலுக்கு வந்து கையால் ‘என்ன?’ என்று கேட்டாள். அவர் இஞ்சினைச் சுட்டிக்காட்டினார். அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் அந்தப் பாட்டு முடிகிற வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். கரும்புக்குள் கூட இவ்வளவு வசதி கிடையாது. சோகை கிழிக்காது. மேலே எறும்பு ஏறாது. ரேடியோ உண்டு. சாய்ந்துகொள்ள மெத்தை உண்டு. இரண்டாவது பாட்டும் வந்தது. அது நல்ல பாட்டு.

அதற்குப் பிறகு இஞ்சின் ஆறுவதற்கு அதிக நேரம் பிடித்தது.

“இன்னைக்கு என்ன இவ்வளவு நேரம்?” என்று சரோஜ் ஒருநாள் கேட்டாள்.

“வெயில் பாரு. எப்படி ஆறும்?”

“நேத்து மழையாச்சே?”

“மழையில காத்து ஈரமா இருக்கும். ஈரக் காத்துல சூடு இறங்காது.”

“ஓ” என்றாள் சரோஜ்.

அந்த ‘ஓ’வைப் பொன்சாமி யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் அவள் இரண்டு கோப்பை டீயோடு காரில் ஏறி உட்கார்ந்தது. சாவுச் செய்தி முடிந்து ஒரு பாட்டும் வந்து போனது.

“பாட்டு முடிஞ்சிடுச்சு” என்றார் பொன்சாமி. “ஆறிடுச்சு. அணைச்சிடறேன்.”

“இப்பத்தானே வந்தீங்க? வெயில் பாருங்க எப்படி அடிக்குது. ரெண்டு பாட்டாவது வேணும்.”

“பரவாயில்ல.”

“பரவாயில்லையா? டர்போ போச்சுன்னா? வாத்தியார் என்ன நினைப்பார்? உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். சரோஜ் பேசினாள். ஆக்லாந்தில் ரோஷனி வீட்டில் எத்தனை அறை, எந்த அறையில் வெயில் விழும், கோவில் எந்தப் பஸ்ஸில் போகிற தூரம் என்று எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். அவர்கள் ஊரோடு ஹிந்திதான் பேசுவார்கள். சண்டை மட்டும் தமிழில். பிள்ளைக்குப் புரியக் கூடாது என்று ஆரம்பித்த வழக்கம். பிள்ளை கடல் தாண்டிப் போன பிறகும் சண்டை தமிழிலேயே நின்றுவிட்டது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் கணீரென்று கேட்டது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

“மீதி நாளைக்கு” என்றாள்.

மறுநாள் அவள் வரவில்லை. பொன்சாமி ஆறுதலாக மூச்சுவிட்டார். அப்போது ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடியை யாரோ விரலால் தட்டினார்கள். தங்கராஜ்.

“அண்ணே, உங்களை இந்த நேரத்துல வந்தா பிடிக்கலாம்னு அண்ணி சொன்னாங்க.”

பொன்சாமி கண்ணாடியை இறக்கினார். தங்கராஜ் இரண்டு முழங்கையையும் ஜன்னலில் ஊன்றிக்கொண்டான். இரண்டு நிலத்துக்கும் நடுவில் நிற்கிற பலாமரத்தை வெட்டுவதா வைப்பதா என்று அவன் கேட்க ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. ஒவ்வொரு தடவையும் பொன்சாமி கரும்பைப் பார்க்கப் போயிருக்கிறார்.

“இரு, நான் போயி—”

“எங்கண்ணே போவீங்க? இஞ்சின் ஓடுதே.”

பாதிப் பாட்டில் பலாமரம் முடிவாகிவிட்டது. அதற்கு அடுத்த நாள் மாரியம்மன் கோவில் கமிட்டிக்காரர்கள் வந்து தீமிதிக்கு விறகு யார் கொடுப்பது என்று முடித்துக்கொண்டு போனார்கள். அதற்கடுத்த நாள் இன்ஷூரன்ஸ் ஆள். அவன் எங்கிருந்து கேள்விப்பட்டான் என்று தெரியவில்லை. ஆயுளில் சொல்லாத அத்தனை ‘சரி’களையும் பொன்சாமி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதத்தில் சொல்லித் தீர்த்தார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

பிறகு டெலிபோன் வந்தது. கூடத்தில் இருக்க வேண்டிய டெலிபோனை சரோஜ் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் வயர் ஜன்னல் வழியாக வெளியே வந்து, குரோட்டன்ஸ் செடிமேல் புரண்டு, முற்றத்தைக் கடந்து கார் வரை நீண்டிருந்தது. வயரை எப்போது நீளமாக்கினாள் என்று பொன்சாமிக்குத் தெரியாது.

“ரோஷனி” என்று சொல்லி ரிசீவரைக் கார் ஜன்னலுக்குள் நீட்டினாள்.

ரோஷனிக்குத் தமிழ் வராது. ஹிந்தியில் பேசினாள். “பப்பா, எல்லாம் ரெடி. உங்க போட்டோ மட்டும்தான். இந்த மாசத்துக்குள்ள வரலன்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

“காடி இஞ்சின் ஆறிட்டிருக்கு, மகளே. அப்புறம் பேசறேன்.”

“தெரியும் பப்பா. அதனாலதானே இந்த நேரம் பாத்துப் போன் பண்ணேன்?”

பொன்சாமி சரோஜைப் பார்த்தார். அவள் வயரில் மாட்டிக்கொண்ட ஓர் இலையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. காரை வீட்டில் ஆறவைத்தால்தானே தொல்லை? மறுநாள் டவுனிலிருந்து திரும்பும்போது பாலத்துக்கு இந்தப் பக்கம், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தி முழுப் பாட்டும் கேட்டார். அங்கிருந்து மெள்ள உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, முற்றத்தில் நிறுத்திய மறு விநாடி சாவியைத் திருப்பினார். இறங்கினார். சரோஜ் டீயோடு படியிலேயே நின்றுவிட்டாள்.

“அணைச்சிட்டீங்களே!”

“ஆறிடுச்சு” என்றார் பொன்சாமி. சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே போனார். அந்த வருஷத்தில் அவர் விசிலடித்தது அன்று ஒருநாள்தான்.

அடுத்த நாள் தூங்குமூஞ்சி மரத்தடியில் குடை பிடித்துக்கொண்டு சரோஜ் நின்றாள். புலிலேகா பஸ்ஸுக்கு ஜன்னல் கண்ணாடி கிடையாது. உள்ளே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் அவரை முந்தின நாள் பார்த்திருக்கிறார்கள்.

“இங்க என்ன செய்யற?”

“காய் வாங்க வந்தேன். பஸ்ல.”

“காய் எங்க?”

“இனிமேதான் வாங்கணும். முதல்ல இது ஆறட்டும்.” குடையை மடக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

மரத்திலிருந்து ஓர் இலை கண்ணாடிமேல் விழுந்தது. இரயில் பெட்டிகள் வரிசையாகக் கரும்பை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போயின. வேறு யாருடைய கரும்போ.

“மே மாசம் தங்கராஜ் வீட்டு மாட்டை யாரோ வந்து அவுத்துட்டுப் போனாங்களே, ஞாபகம் இருக்குதா?” என்றாள் சரோஜ்.

“ம்.”

“நான் வாசல்ல தனியா நின்னேன். நம்ம வீட்டுக்கும் வருவாங்களோன்னு. நீங்க எங்க இருந்தீங்க?”

பொன்சாமி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

“கரும்புல” என்றார்.

“நான் சண்டைக்குக் கேக்கல. அடுத்த தடவை கரும்பும் இருக்காது. அதான் கேட்டேன்.”

அவர் வெகுநேரம் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். “அங்க வந்து நான் என்ன செய்ய, சொல்லு.”

“இங்க என்ன செய்றீங்க?”

“விவசாயம்.”

“கரும்பை வெட்டியாச்சு. குத்தகை முடியுது. இப்ப உங்க கையில இருக்கிற வேலை இந்தக் காடியை ஆற வெக்கிறதுதான்.”

“அது இல்ல சரோஜ். அங்க போனா மாப்பிள்ளை வீட்டுச் சோபாவுல உக்காரணும். டீ வேணுமா காப்பி வேணுமாம்பாங்க. டிவியில எது போடணும்பாங்க. எல்லாத்துக்கும் பதில் சொல்லணும். எழுந்து போக இடமே கிடையாது.”

அவர் இத்தனை சொற்களைச் சேர்ந்தாற்போலப் பேசி சரோஜ் கேட்டதில்லை. அவள் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாள்.

“வீட்டுக்குப் பின்னால தோட்டம் இருக்குதாம்.”

“எவ்வளவு?”

“ரோஷனி கேரட் போட்டிருக்காளாம்.”

“கேரட்டா?” பொன்சாமி முழங்காலுக்குக் கீழே கையைக் காட்டினார். “இவ்வளவுகூட வராதே.”

சரோஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள். பிறகு, “நாளைக்கு ஸ்டுடியோவுக்குப் போலாமா?” என்றாள்.

“நாளைக்குப் பாக்கலாம்.”

“சரி” என்றாள் சரோஜ். அவ்வளவு சுலபமாக அவள் ‘சரி’ என்று சொன்னது பொன்சாமிக்கு வீடு போய்ச் சேரும் வரை உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் காய் வாங்கவில்லை.

மறுநாள் டவுனுக்குப் போனார், ஆனால் ஸ்டுடியோ இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். உரம் வாங்கினார். அடுத்த பயிருக்கு நிலமே இருக்குமா என்று தெரியாமல் உரம் வாங்குகிற ஒரே ஆள் அவர்தான் என்று கடைக்காரன் சொன்னான். மரத்தடியில் நிறுத்துவதில் இனி அர்த்தமில்லை. நேரே வீட்டுக்கு வந்து முற்றத்தில் நிறுத்தி ரேடியோவைப் போட்டார்.

உடனே மறுபக்கத்துக் கதவு திறந்தது. ஏறியது சரோஜ் இல்லை. ஸ்டுடியோக்காரன் பல்ராம். கழுத்தில் கேமரா தொங்கியது. அதற்கு முன்பக்கம் நாலு கண். ஒரே அமுக்கில் நாலு போட்டோ எடுத்து அங்கேயே கையில் கொடுத்துவிடும்.

“ராம் ராம், பொன்சாமி பாய்” என்றான் ஹிந்தியில். “நீங்க வர்றதா இல்ல. அதான் ஸ்டுடியோ வந்துடுச்சு.”

பொன்சாமி தன் பக்கத்துக் கதவைப் பார்த்தார். அங்கே கதவு தெரியவில்லை. ஜன்னல் முழுவதையும் மறைத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு தொங்கியது. அதன் மேல் விளிம்பில் இரண்டு பெருவிரல்கள்.

“யாரது?”

“நான்தாண்ணே” என்றது விரிப்பு. தங்கராஜின் குரல். “அண்ணி பிடிச்சுக்கச் சொன்னாங்க. பின்னால வெள்ளையா இருக்கணுமாமே.”

பின்கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. சரோஜ் பின்சீட்டில் உட்கார்ந்து முன்னால் குனிந்து, அவர் தோளில் ஒட்டியிருந்த உரத்தூளைத் தட்டிவிட்டாள்.

“தலையை இந்தப் பக்கம் திருப்புங்க. பல்ராமைப் பாருங்க. சிரிக்கக் கூடாதாம்.”

“யார் சிரிச்சா?” என்றார் பொன்சாமி.

பல்ராம் கேமராவைத் தூக்கினான். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. கேமராவின் வாயிலிருந்து ஒரு தாள் வந்தது. அவன் அதை விசிறிவிட்டு உரித்தான். பார்த்தான். முகம் சுருங்கியது. சரோஜிடம் நீட்டினான்.

நாலு பொன்சாமிகள் இருந்தார்கள். நாலு பேருக்கும் ஒவ்வொரு காதும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. மூக்கு எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை.

“காடி ஆடுது” என்றான் பல்ராம். “சீட்டோட சேர்ந்து நானும் ஆடுறேன், அவரும் ஆடுறார். இதை வாங்க மாட்டாங்க. இஞ்சினை நிறுத்துங்க, பாய். ஒரு நிமிஷம்.”

பொன்சாமிக்கு உடம்பில் ஒரு புது ரத்தம் ஓடியது.

“நிறுத்த முடியாதே” என்றார்.

“ஒரே நிமிஷம்.”

“ஒரு நிமிஷம்தான் ஆபத்து. உள்ள டர்போ சிவக்கச் சிவக்கக் காஞ்சிருக்கு. எண்ணெய் ஓட்டம் நின்னா கருகிடும். சரோஜைக் கேளு, அவளுக்குத் தெரியும்.” சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “இன்னைக்கு வேற வெயில். மூணு பாட்டாவது ஆகும். அதுக்குள்ள இருட்டிடும். நீ நாளைக்கு வா பல்ராம். நாளைக்குப் பாக்கலாம்.”

பல்ராம் சரோஜைப் பார்த்தான். விரிப்புக்குப் பின்னால் தங்கராஜ் கால் மாற்றி நின்றான். பொன்சாமி காத்திருந்தார். தன் சட்டமே தன்னைக் காப்பாற்றுவதைப் பார்க்க நிறைவாக இருந்தது. கை தானாகப் போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டியது.

“அணைங்க” என்றாள் சரோஜ் தமிழில்.

“சொன்னேனே—”

“ஒண்ணும் ஆகாது. ஜீன் அக்கா சொன்னாங்க.”

“எந்த ஜீன் அக்கா?”

“எர்னஸ்ட் வாத்தியார் வீட்டம்மா. வாத்தியார் சாலையில பறப்பாராம். அந்த மாதிரி ஓட்டிட்டு வந்து நிறுத்தினாத்தான் ஆற வெக்கணுமாம். புலிலேகா ரோட்டுல கரும்பு லாரிக்குப் பின்னாடி ஊர்ந்து வர்றவங்களுக்கு வர்ற வழியிலேயே அது ஆறிடுமாம். வீட்டுக்கு வந்தா அணைச்சிட்டுப் போக வேண்டியதுதானாம்.”

பொன்சாமி மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். “எப்ப சொன்னாங்க?”

“நீங்க சாவி வாங்கின அன்னைக்கு.”

“அன்னைக்கேவா?”

“அன்னைக்கே.”

“அப்ப இத்தனை நாளா?”

“இத்தனை நாளா ஆசைப்பட்டு உக்காந்திருந்தீங்க. நான் எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.”

ரேடியோவில் யாரோ ஒரு பெண் உருகிப் பாடிக்கொண்டிருந்தாள். பொன்சாமி சாவியைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார்.

இஞ்சின் நின்றது. பாட்டும் நின்றது. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். எதுவும் வெடிக்கவில்லை. கருகின வாசனை வரவில்லை. முன்மூடிக்குக் கீழே எங்கேயோ தகரம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. காரின் முன்கண்ணாடிக்கு அப்பால் வெட்டின நிலம் ஆறு வரைக்கும் மொட்டையாகக் கிடந்தது.

“அண்ணே, இறங்கறீங்களா? விரிப்பை எடுக்கட்டுமா?” என்றான் தங்கராஜ் வெளியே இருந்து.

பல்ராம் கேமராவுக்குப் புதுத் தாளைப் போட்டுவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடித்தான்.

பொன்சாமி சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.